எங்க ஊரு சாமி தல சாஞ்சி இருப்பாரு

எங்க ஊரு விரிஞ்சிபுரம். வேலூர்ல இருந்து பெங்களூர் ஹைவேல ஒரு 13, 14 கிலோமீட்டர் வந்து உள்ள திரும்பணும், பாலாத்தங்கரை. கோயில் மதிலுக்குத்தான் எங்க ஊருக்குப் பேரு, விரிஞ்சிபுரம் மதிலழகுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. ஆனா எனக்கு சின்ன வயசுல இருந்து மதில விட பெரிய ஆச்சரியம் உள்ள இருக்கற லிங்கம்தான். நேரா நிக்காது, லேசா ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். அப்பா இல்லாத ஒரு அர்ச்சகர் வீட்டுப் பையன், பூஜை பண்ற முறை அவனுக்கு வந்துடுச்சு, சின்னப் பையன், அபிஷேகத் தண்ணிய தூக்கி ஊத்தப் பாத்தா கை எட்டல, அழுதுகிட்டு நின்னானாம். எட்டலியா, சரி வான்னு சாமி தன் தலைய அவன் பக்கமா சாச்சிக்கிட்டாராம். அப்படி சாஞ்ச தலதான் இன்னும் அப்படியே இருக்கு.

இன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, வரும்னும் தோணல. அதான் எழுதறேன்.

சாமி பேரு மார்க்கபந்தீஸ்வரர். மார்க்கம்னா வழி, பந்துன்னா சொந்தம். தமிழ்ல வழித்துணைநாதர். மிளகு மூட்டைய ஏத்திக்கிட்டு காஞ்சிபுரம் பக்கம் போன ஒரு வியாபாரி, வழியில திருடங்க பயம், ராத்திரி எங்க கோயில்ல தங்கி எனக்குத் துணைக்கு வாங்கன்னு கேட்டானாம், சாமி ஒரு காவல்காரன் மாதிரி ஆயுதத்தோட கூடவே நடந்து போய் விட்டுட்டு வந்தாராம். இந்தக் கதைய நான் எத்தன தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆனா அதுல திருடங்கள சாமி ஒழிச்சிட்டாருன்னு வராது, காட்ட அழிச்சி ரோடு போட்டாருன்னும் வராது, கூட நடந்தாருன்னு மட்டும்தான் வரும்னு எனக்கு உறைக்கறதுக்கு 2016-ம் வருஷம் ஆச்சு.

எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிங்களுக்கு லோடு அடிப்பாரு, மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் போவாரு. எந்த வண்டி ஓட்டினாலும் முன் கண்ணாடியில மார்க்கபந்து துணைன்னு ஸ்டிக்கர் ஒட்டாம எடுக்க மாட்டாரு. அவரே கடைஞாயிறு புள்ளதான். கார்த்திகை மாசம் கடைசி ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி எங்க கோயில் சிம்ம தீர்த்தத்துல குழந்தை இல்லாத பொம்பளைங்க முங்கி எழுந்து ஈரப் பொடவையோடவே கோயிலுக்குள்ள படுத்துத் தூங்குவாங்க, கனவுல பூவோ பழமோ வந்தா வயித்துல புள்ள தங்கும்னு நம்பிக்கை. எங்கெங்கயோ இருந்து ஜனங்க வரும். எங்க அத்த, அதாவது மாமியார், கல்யாணம் ஆகி 5 வருஷம் புள்ள இல்லாம அப்படி முங்கிப் படுத்துப் பொறந்தவருதான் இவரு, 1978-ல.

அவருக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி. டிரைவருங்க யாருக்குத்தான் இல்ல. வலிக்கும்போதெல்லாம் மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரைய வாங்கிப் போட்டுட்டு வண்டி எடுத்துருவாரு, ஒரு கிளினிக்ல காட்டினா அவங்களும் அதையேதான் எழுதிக் குடுத்தாங்க, ஒரு தடவை கூட கையில பட்டை கட்டி பிரஷர் பாத்ததில்ல. அந்த மாத்திரைங்கள வருஷக்கணக்கா சாப்பிட்டா கிட்னிய அரிச்சிடும், பிரஷர் ஏறியிருந்தா சத்தமே இல்லாம சேத்து அரிக்கும்னு எனக்கு அப்ப தெரியாது. இதப் படிக்கறவங்க வீட்டுல யாராவது தெனம் வலி மாத்திரை போடறவங்க இருந்தா தயவுசெஞ்சி ஒரு தடவை கிரியாட்டினின் டெஸ்ட் எடுங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

2016 நவம்பர். கால் வீங்குச்சு, மூஞ்சி உப்புச்சு, சாப்பாட்டப் பாத்தாலே குமட்டல். டெஸ்ட் எடுத்தா கிரியாட்டினின் 11.4. ஒண்ணு, ஒண்ணே காலுக்குள்ள இருக்க வேண்டியது. ரெண்டு கிட்னியும் போயிடுச்சி, உடனே டயாலிசிஸ், கழுத்துல டியூப் போடணும்னாங்க. அந்த வாரம்தான் 500 ரூபா, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சிருந்தாங்க. சீட்டு எடுத்து வச்சிருந்த 80,000 ரூபாயும் பழைய நோட்டு. பேங்க்ல வரிசையில நின்னு நின்னு மயங்கி விழுந்தவங்கள பாத்திருக்கேன், வாரத்துக்கு 24,000-க்கு மேல எடுக்க முடியாது, அதுவும் பேங்க்ல பணம் இருந்தாத்தான். நான் ஹைவே பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அந்த வாரம் பூரா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க கூட்டம் அள்ளுது, கடையில சில்லறை இல்ல, ஆஸ்பத்திரியில இவரு, வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறதுன்னே புரியல.

அப்ப நான் சாமி கும்பிட்டது எப்படின்னு மறைக்காம சொல்றேன், பேரம். இத குணமாக்கிடு மொட்டை போடறேன், அத குணமாக்கிடு அங்கப்பிரதட்சணம் பண்றேன், ரத்னகிரி, வள்ளிமலை, சோளிங்கர்னு ஒரு மலை விடல, சோளிங்கர்ல மட்டும் 1305 படி. எல்லா எடத்துலயும் ஒரே வேண்டுதல், பழையபடி ஆக்கிடு. ஒவ்வொரு தடவ டெஸ்ட் ரிசல்ட் வரும்போதும் சாமி ஏமாத்திட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் அத்த என்னப் பாத்துட்டு, "இன்னா பொண்ணே, சாமிகிட்ட காய்கறிக் கடையில பேசற மாதிரி பேசிக்கினு கீற"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அதுவரைக்கும் எனக்கும் அவங்களுக்கும் பெருசா ஒட்டுதல் கிடையாது, அதையும் சொல்லிடணும்.

டயாலிசிஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வாரத்துல மூணு நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், உடம்பு ரத்தத்த வெளியில எடுத்து மெஷின்ல சுத்தம் பண்ணி திருப்பி உள்ள விடுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சி இடது கையில சின்ன ஆபரேஷன் பண்ணி ரெண்டு ரத்தக் குழாய சேப்பாங்க, பிஸ்டுலான்னு பேரு, அதுலதான் ஊசி. அந்த எடத்துல காத வச்சா ஜுர்ருனு ஒரு சத்தம் கேக்கும். எங்க சின்னவ அப்பா கையில ரயில் ஓடுதுன்னு சொல்லி தெனம் ராத்திரி காத வச்சிக் கேட்டுட்டுதான் தூங்குவா. வாழைப்பழம் கூடாது, எளநீர் கூடாது, கீரையோ காயோ வேக வச்சி அந்தத் தண்ணிய கொட்டிட்டு சக்கையத்தான் தாளிக்கணும். எல்லாத்தையும் விடக் கொடுமை தண்ணி. ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதுக்கு மேல கொஞ்சம், அவ்ளோதான், மாத்திரை முழுங்கறது, டீ, ரசம் எல்லாம் அந்தக் கணக்குலயே. வேலூர் வெயில்ல. ஏப்ரல், மே மாசத்துல 108, 110 டிகிரின்னு பேப்பர்ல போடற ஊர்ல. ஒரு ஐஸ் துண்ட வாயில ஒதுக்கி வச்சிக்கிட்டு செவத்தப் பாத்துட்டு ஒக்காந்திருப்பாரு, நாங்க அவர் எதிர்ல தண்ணி குடிக்க மாட்டோம், புள்ளைங்க கூட கொல்லைப்பக்கம் போய் குடிச்சிட்டு வாயத் தொடச்சிட்டு வருங்க.

டிசம்பர் 5-ம் தேதி ராத்திரி ஜெயலலிதா அம்மா தவறிட்டாங்க. மறுநாள் செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு டயாலிசிஸ் நாள். ஒரு பஸ் ஓடல, ஒரு ஆட்டோ வரல, கடை எல்லாம் சாத்திட்டாங்க. சனிக்கிழமை பண்ணது, நடுவுல ரெண்டு நாள் ஆயிடுச்சு, இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி 2 மணிக்கு நான் வாசல்ல ஒக்காந்து அழுதுகிட்டு இருக்கேன், எப்படிப் போறதுன்னு தெரியல, யாரக் கேக்கறதுன்னும் தெரியல, வழித்துணைநாதான்னு ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சு, அன்னைக்கு மொட்டையும் வேண்டல, படியும் வேண்டல. காலைல 5 மணிக்கு வாசல்ல ஒரு குட்டியானை, அதான் சின்ன சரக்கு வண்டி, வந்து நிக்குது. மேலத் தெருக்காரர், தெனம் முள்ளு கத்திரிக்கா ஏத்திக்கிட்டு நேதாஜி மார்க்கெட் போறவரு, எங்களுக்கு சொந்தம் கூட கெடையாது. பின்னாடி மொதநாள் பறிச்ச கத்திரிக்கா மூட்டைங்க. மார்க்கெட் தெறக்காதுன்னு அவருக்கும் தெரியும். "டிரைவர் அண்ணனுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரி நாளாச்சே, ஏத்துங்க அக்கா"ன்னாரு. வழியில ரெண்டு எடத்துல மறிச்சாங்க, கழுத்து டியூப காட்டினோம், விட்டுட்டாங்க. 4 மணி நேரம் வெளியிலயே காத்திருந்தாரு, அந்தக் கத்திரிக்காய வாடி வீணாப் போறதுக்கு பதிலா ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தவங்களுக்கு கைநிறைய அள்ளிக் குடுத்துட்டாரு. கடை எல்லாம் சாத்தின ஊர்ல வெளியூர் பேஷண்ட்டுங்க லாட்ஜுல சமைக்க காய் இல்லாமத்தான் நின்னுகிட்டு இருந்தாங்க. பெங்கால்ல இருந்து வந்த ஒரு அம்மா, எங்க பக்கத்து பெட்டு பையனோட அம்மா, ரெண்டு கத்திரிக்காய முந்தானையில முடிஞ்சி வச்சிக்கிட்டு என் கையப் பிடிச்சிக்கிட்டு ஏதோ சொன்னாங்க, ஒரு வார்த்தை புரியல, காளி காளின்னு வந்தது மட்டும் புரிஞ்சிது. அதுக்கப்புறம் நாலு மாசம் நானும் அந்த அம்மாவும் ஒரே பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தோம், பேச மொழி இல்ல, எனக்கு இருந்த பெரிய தெம்பு அந்த அம்மாதான்.

அந்தக் குட்டியானைய அனுப்பினது சாமியான்னு கேட்டா, ஆமான்னுதான் சொல்லுவேன். அந்த மனுஷன் நல்லவரு அதனால வந்தாருன்னு நீங்க சொன்னா அதுவும் சரிதான், ரெண்டும் வேற வேறன்னு எனக்குத் தோணல.

அந்த வாரக் கடைசியிலேயே கடைஞாயிறு வந்துச்சு, டிசம்பர் 11. இவரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிச்சி வந்து படுத்துட்டாரு, துணி மாதிரி. அத்த மட்டும் ராத்திரி கோயிலுக்குப் போனாங்க. 60 வயசு, அந்தக் குளுருல, அத்தன கூட்டத்துல, சின்னச் சின்ன பொண்ணுங்களோட நின்னு முங்கியிருக்காங்க. விடியக்காலம் ஈரப் பொடவையோட வந்து திண்ணையில ஒக்காந்தாங்க. நான் காப்பித் தண்ணி வச்சிக் குடுத்தேன். குடிக்கல. அப்பறம் சொன்னாங்க.

"இதே கொளத்துல முங்கித்தான் இவன வாங்கினு வந்தேன். அன்னிக்குக் குடுத்தவரு இப்ப எடுத்துக்கினா நான் இன்னா பண்றதுன்னு ராத்திரி பூரா அவரப் பாத்துக் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லலைன்னா, செய்ய வேண்டியது எங்கிட்ட கீதுன்னு அர்த்தம். என் ரத்தமும் அவன் ரத்தமும் ஒண்ணுன்னு நர்ஸம்மா சொல்லிச்சே. என்னுத எடுத்து வைக்கச் சொல்லு."

அவரு ஓ பாசிடிவ். ஓ குரூப்புக்கு ஓ குரூப்புதான் குடுக்க முடியும், நான் ஏ, எனக்கு மொதல்லயே பொருந்தாதுன்னு சொல்லிட்டாங்க. அத்தைக்கு வயசாச்சுன்னு நாங்க அவங்கள ஒரு வார்த்தை கேக்கவே இல்ல, அவங்களாத்தான் வந்து நின்னாங்க. மறுநாள் வர்தா புயல் மெட்ராஸ பிச்சி எறிஞ்சிது, எங்க பக்கமும் காத்து மழை, கரண்ட் இல்லாத இருட்டுல ஒக்காந்து நானும் அத்தையும் மொத தடவையா மனசு விட்டுப் பேசினோம். அவங்ககிட்ட இருந்த தைரியம் எனக்குப் புரியாத தைரியம். நல்லபடியா முடியும்னு அவங்க ஒரு தடவை கூட சொன்னதில்ல. முடியாம போனா என்ன பண்றதுன்னு நான் கேட்டா, "அத அப்ப பாத்துக்கலாம், அவரு எங்கயும் போய்ட மாட்டாரு"ன்னுதான் சொல்லுவாங்க.

இந்த நேரத்துல சொந்தக்காரங்க சில பேரு சொன்னத மறக்க முடியாது. ஆபரேஷன் வேணாம், ஒரு எடத்துல வேரு குடுக்கறாங்க, ஒரு எடத்துல கை வச்சி ஜெபம் பண்ணினா டயாலிசிஸே நிறுத்திடலாம், நம்பிக்கை இருந்தா போதும்னு. அப்படி நிறுத்திட்டு ஒரே வாரத்துல மூச்சடைச்சி திரும்பி வந்தவங்கள நான் அந்த வராண்டாவுல கண்ணால பாத்திருக்கேன். சாமிய நம்பறேன்னு சொல்லி மருந்த விட்டா அது சாமிய சோதிக்கறது. எனக்கு இதுல ரெண்டாவது கருத்து கெடையாது.

நம்ம ஊரையே பாருங்க. 1900-ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சதுதான் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி, அந்த அம்மா பக்தி இல்லாதவங்களா? பாகாயத்துல ரிஹாப், அதாவது மறுவாழ்வு ஆஸ்பத்திரி இருக்கே, மேரி வர்கீஸ் டாக்டர் பேருல, அந்த அம்மாவுக்கு 1954-ல வண்டி விபத்துல முதுகெலும்பு போய் இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லாம ஆயிடுச்சு. கடவுள்மேல அவ்வளவு பாரத்தப் போட்டவங்க, ஆனா படுத்துட்டே அற்புதத்துக்குக் காத்திருக்கல, வீல்சேர்ல ஒக்காந்துகிட்டே குஷ்டரோகிங்களோட மடங்கின கைங்களுக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அப்பறம் அமெரிக்கா போய் படிச்சி வந்து நடக்க முடியாதவங்களுக்குன்னு தனி வைத்தியப் பிரிவையே இங்க உண்டாக்கினாங்க. காலைத் திருப்பிக் குடுன்னு அவங்களும் ஆரம்பத்துல கேட்டிருப்பாங்கன்னுதான் நான் நெனைக்கறேன், மனுஷிதானே. இந்தியாவுல மொதல்ல கிட்னி மாத்தி வெற்றிகரமா பொழைக்க வச்சதும் இதே வேலூர்லதான், 1971-ல. அந்த ஊர்ல பொறந்துட்டு வேரு தேடிப் போகணுமா.

அத்தைக்கு டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு. ரத்தம், யூரின், ஸ்கேன், டிஷ்யூ மேட்சிங். எல்லாம் சரியா போய்க்கிட்டு இருந்தப்ப மார்ச்ல ஈசிஜியில ஏதோ மாறுது, ஹார்ட்ட முழுசா பாத்துட்டுதான் சொல்லுவோம்னு நிறுத்திட்டாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம். வயக்காட்டுல நாள் பூரா நடக்கற அத்தைய டிரெட்மில்லுல நடக்க விட்டாங்க, எங்கயும் போவாத ரோட்டுல எதுக்கு நடக்க சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டே நடந்தாங்க. ஏப்ரல்ல ஒரு நாள் டயாலிசிஸ் நடுவுல இவருக்கு பிரஷர் டக்குனு எறங்கி கண்ணு மேல சொருகிடுச்சு. நர்ஸுங்க ஓடறாங்க, என்னை வெளிய தள்ளிட்டாங்க. பொழைச்சிட்டாரு. ஆனா அன்னைக்கு ராத்திரி என்கிட்ட, "விட்டுடலாமா"ன்னு கேட்டாரு. "போதும்மா. அம்மாவையும் அறுக்க வேணாம். விட்டுடலாம்"னாரு. நான் பதில் சொல்லல. பதில் இருந்தாத்தானே சொல்ல.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க வந்தவ அப்படியே கோட்டைக்கு நடந்துட்டேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு எதிர்ல நெழல்ல ஒக்காந்தேன், அந்தத் தூணுங்களப் பாத்துக்கிட்டு. கும்பிடத் தோணல. உள்ளயே போகல. மனசு அப்படியே காலி, கூப்பிடக் கூட யாரும் இல்லாத மாதிரி. வாசல்ல பூ விக்கற ஒரு வயசான அம்மா, தண்ணி வேணுமாம்மான்னு கேட்டுக்கிட்டு வந்து பக்கத்துல ஒக்காந்தாங்க. கேட்டாங்க, சொன்னேன் எல்லாத்தையும். அவங்க ஆறுதல் எதுவும் சொல்லல. "நான் சின்னப் புள்ளையா கீறப்ப இந்தக் கோயிலுக்குள்ள சாமியே கெடையாது, தெரியுமா"ன்னாங்க.

எனக்குத் தெரியும், வேலூர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு எங்க ஊரப் பத்தி ஒரு பழமொழியே உண்டு. சுமார் 400 வருஷம் கருவறை காலியாத்தான் இருந்துச்சு, சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த 1981 மார்ச்லதான் திரும்பக் கொண்டாந்து வச்சாங்க. இதெல்லாம் தெரிஞ்ச கதைதான். அந்த அம்மா சொன்னது வேற. "எங்க பாட்டி இந்தப் பக்கம் போறப்பல்லாம் நின்னு கையெடுத்துக் கும்புடும். உள்ள யாரும் இல்லியே ஆயா, யாரக் கும்புடறன்னு கேப்பேன். சாமி இல்லாட்டி இன்னா, எடம் அவருதுதானேன்னு சொல்லும். அது சாவற வரைக்கும் சாமி வரல. ஆனா வந்தாரு இல்ல?"

நான் ரொம்ப நேரம் பேசாம ஒக்காந்திருந்தேன். காலியா இருந்த எடத்தப் பாத்து ஒரு கெழவி கும்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா, பலன் எதையும் கண்ணால பாக்காமலே போய்ச் சேந்திருக்கா. அவளுக்கு எங்க இருந்து வந்துச்சு அந்த உறுதி. என் மனசு காலியா இருக்குன்னா, சரி, இருக்கட்டும், எடம் அவருதுதான். எந்திரிச்சி உள்ள போனேன். எதுவும் கேக்கல, சும்மா நின்னேன். அந்த அம்மாகிட்ட ஒரு மொழம் மல்லி வாங்கி தலையில வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பூவப் பாத்துட்டு எங்க போனேன்னு கேட்டாரு. கோட்டை கோயிலுக்குன்னேன். என்ன வேண்டிக்கிட்டன்னாரு. ஒண்ணும் வேண்டலன்னேன். "அப்பறம் எதுக்குப் போன"ன்னு சிரிச்சாரு, ஒரு மாசத்துக்கு அப்பறம் அவரு சிரிச்சது அதுதான். நானும் சிரிச்சிட்டு அழுதேன். சரி, இந்த வியாழக்கிழமை மட்டும் போய் பண்ணிக்கிட்டு வரலாம், அடுத்தத அப்பறம் பாக்கலாம்னேன். வியாழக்கிழமை போனோம். அதுக்கப்பறம் சனிக்கிழமை. அப்படியே ஒண்ணொண்ணா.

மே மாசக் கடைசியில அத்தைக்கு ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் கமிட்டி. 1994-ல வந்த சட்டப்படி உறுப்பு குடுக்கறவங்க காசுக்காகவோ கட்டாயத்துக்காகவோ குடுக்கலைன்னு உறுதி பண்ணணும், அம்மாதான் மகனுக்குக் குடுக்கறாங்கன்னாலும் காகிதம் வேணும். ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, போட்டோ, ஊர்ல இருந்து சர்ட்டிபிகேட், ஜெராக்ஸ் கடைக்காரி நான், எல்லாத்துலயும் அஞ்சி அஞ்சி செட் போட்டு வச்சிருந்தேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டாங்க, இல்லன்னாங்க. ஆபரேஷன்ல உங்க உயிருக்கே ஆபத்து வரலாம், தெரியுமான்னு கேட்டாங்க. அத்த சேர்ல நிமிந்து ஒக்காந்துகிட்டு சொன்னத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"இவன பெக்கறப்பவும் அதே ஆபத்துதான் சார் கீது. அப்ப யாரும் எங்கிட்ட கைநாட்டு கேக்கல."

எதிர்ல இருந்தவங்க கொஞ்ச நேரம் எதுவும் எழுதல.

ஆபரேஷன் 2017 ஆகஸ்ட்ல. காலைல ஒரு நர்ஸ் பொண்ணு வந்து, ஜெபம் பண்ணலாமா அக்கான்னு கேட்டுது, பண்ணும்மான்னேன், இவரு கையையும் அத்த கையையும் சேத்துப் பிடிச்சிக்கிட்டு அது கண்ண மூடி மெதுவா ஜெபிச்சிது, இருட்டான எடத்துல நடக்கும்போதும் நீங்க கூட இருக்கீங்க ஆண்டவரேன்னு. வழித்துணைநாதான்னு அத்த தன் பாட்டுக்கு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ரெண்டும் ஒரே வேண்டுதலாத்தான் காதுல விழுந்துது. மொதல்ல அத்தைய உள்ள எடுத்தாங்க, அப்பறம் இவர. ரெண்டு கதவு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெஞ்சு. புருஷன் ஒரு பக்கம், அவர பெத்தவங்க ஒரு பக்கம். பயம் இல்லாம இருந்தேன்னு சொன்னா பொய். கை நடுங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா ஓடிப் போகணும்னு தோணல, அந்த பெஞ்சுல என்னால ஒக்கார முடிஞ்சிது, அந்த 6 மணி நேரமும். நவம்பர்ல இருந்த என்னால அது முடிஞ்சிருக்காது.

பழைய கிட்னி ரெண்டையும் எடுக்க மாட்டாங்க, அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும். புதுச வலது பக்கம் அடிவயித்துல வச்சி ரத்தக் குழாயோட தைப்பாங்க. இணைச்ச கொஞ்ச நேரத்துலயே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சி, யூரின் வந்துடுச்சின்னு வெளிய வந்து சொன்னாங்க. யூரின் வந்துடுச்சின்னு கேட்டு ஒரு பொம்பள பெஞ்சுல இருந்து எறங்கி தரையில விழுந்து கும்பிட்டான்னு சொன்னா யாருக்காவது புரியுமா. டயாலிசிஸ் வீட்டுக்காரங்களுக்குப் புரியும்.

அடுத்த நாள் நடந்ததுதான் இதுல எல்லாம் எனக்குப் பெருசு. பை நெறைய நெறைய யூரின் போகுது, லிட்டர் லிட்டரா, போற அளவுக்கு உள்ளயும் போகணும்னு நர்ஸ் ஒரு ஜக்குல தண்ணிய வச்சிக்கிட்டு நிக்குது. "குடிங்க சார், இன்னும் குடிங்க"ங்குது. ஒன்பது மாசமா ஐஸ் துண்ட சப்பின மனுஷன் டம்ளர கையில வாங்கி அதையே பாக்கறாரு. குடிக்கலாமான்னு மறுபடி கேக்கறாரு. குடிக்கணும் சார்னு அது சொல்லுது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாஸ்க் போட்டுக்கிட்டு நின்னு பாத்தேன். மடக்கு மடக்கா குடிச்சாரு, கழுத்து ஏறி ஏறி எறங்குது, வாயோரம் வழிஞ்சி சட்டை நனையுது. அடுத்த வார்டுல படுத்திருந்த அத்தைகிட்ட ஓடிப்போய் சொன்னேன், அவன் தண்ணி குடிக்கறான் அத்தைன்னு. புருஷன அவன் இவன்னு சொல்லிட்டேன், அன்னைக்குதான் மொத தடவை. வலியில மொனகிக்கிட்டு இருந்தவங்க கண்ணத் தொறந்து, "குளுந்த தண்ணி குடுக்கப் போறாங்க, சளி புடிச்சிக்கும், சொல்லு"ன்னாங்க.

இதோட முடிஞ்சிதுன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஆனா கிட்னி மாத்தினா வியாதி போயிடாது, வேற மாதிரி வாழ்க்கை, அவ்வளவுதான். உடம்பு அத வேத்தாளுன்னு நெனச்சி அடிக்காம இருக்க தெனம் காலைலயும் ராத்திரியும் நேரம் தவறாம மாத்திரை, ஆயுசு பூரா. லாரிய விட்டுட்டாரு, என் கடையில லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் அவருதான் இப்ப. அந்த ஸ்டிக்கர ஜெராக்ஸ் மெஷின்ல ஒட்டியிருக்காரு. அத்த ஒரு கிட்னியோட நடமாடறாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப், கடைஞாயிறுக்கு இப்பவும் கோயிலுக்குப் போவாங்க, கொளத்துல மட்டும் எறங்க விடறதில்ல. பெங்கால் அம்மாவோட பையன் வரல. 2017 மார்ச்லயே தவறிட்டான். அந்த அம்மா ஊருக்குப் போறப்ப தன் நெத்தியில இருந்த குங்குமத்த எடுத்து எனக்கு வச்சிட்டுப் போனாங்க. அவங்களும் என்னை மாதிரிதான் கும்பிட்டாங்க, என்னை விட அதிகமாவே கும்பிட்டாங்க. இதுக்கு எங்கிட்ட விளக்கம் இல்ல, நான் தேடறதையும் நிறுத்திட்டேன். நான் சாமி கும்பிடறப்ப அந்தப் பையன் பேரையும் சேத்துதான் சொல்றேன், இன்னைக்கு வரைக்கும்.

போன மாசம் இவரோட கிரியாட்டினின் 1.3-ல இருந்து 1.9 ஆயிடுச்சு. இந்த வாரம் 2.4. உடம்பு அந்தக் கிட்னிய எதிர்க்க ஆரம்பிச்சிருக்கான்னு பாக்க பயாப்ஸி, அதாவது அதுல இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு அட்மிஷன். நாளைக்குன்னா, இப்ப மணி 4 ஆகப்போவுது, இன்னைக்குத்தான்.

பயமாத்தான் இருக்கு. பழைய பைல் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன், மாத்திரை டப்பா, அவரு லுங்கி, துண்டு, எனக்கு ஒரு சால்வை, அந்த வராண்டாவுல விடியக்காலம் குளுரும். பெரியவ காலேஜுல இருந்து போன் பண்ணி அழுதா, சின்னவ சாயந்தரம் அவர் பக்கத்துல ஒக்காந்து கையில காத வச்சிக் கேட்டா, அந்த ரயில் சத்தம் இன்னும் கேக்குது, டயாலிசிஸ் நிறுத்தி இத்தன வருஷம் ஆகியும். "நான் குடுத்தது நல்ல கிட்னிதான், அவங்கள சரியா பாக்கச் சொல்லு"ன்னு அத்த ராத்திரி சாப்பிடறப்ப கோவமா சொன்னாங்க. மேலத் தெருக்காரருக்கு போன் கூட பண்ணல, அவரே கேள்விப்பட்டு 5 மணிக்கு வந்துடறேன்னு ஆள் அனுப்பியிருக்காரு. கத்திரிக்கா மூட்டையோடதான் வருவாரு, முன்னாடி மூணு பேரு நெருக்கி ஒக்காந்துக்கலாம்.

அடுப்படியில சத்தம் கேக்குது. அத்த எழுந்துட்டாங்க. அவருக்குத் தண்ணி காய வச்சி ஆத்தறாங்க, டம்ளருக்கும் சொம்புக்குமா மாத்தி மாத்தி ஊத்தற சத்தம், ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போக ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு பக்கத்துல வச்சிருக்காங்க.